செயற்கை நுண்ணறிவு: நிறுவனத் தலைவர்களின் சொல்லும் கணக்கும்

2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை வெளியிட்டது. எழுதவும், படம் வரையவும், கணினி நிரல் அமைக்கவும் தெரிந்த இந்தப் புதுவகைச் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றிப் பெருநிறுவனத் தலைவர்கள் அன்று முதல் ஓயாமல் பேசிவருகிறார்கள். பங்குதாரர் கூட்டத்தில் பேசுகிறார்கள், ஊழியர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்கள், தொலைக்காட்சிப் பேட்டியில் ஆரூடம் சொல்கிறார்கள். கேட்டுவிட்டுக் கடந்துபோகக்கூடிய பேச்சல்ல இது. ஒரு தலைவர் "இனி இந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கப்போவதில்லை" என்று சொன்னால், மென்பொருள் அந்த வேலையைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அந்த வேலை இல்லாமல் போய்விடுகிறது. அதனால் அவர்கள் யாரிடம் என்ன சொல்கிறார்கள், சொன்னது எந்த அளவுக்கு நடந்தது, சொன்னதால் யாருக்கு என்ன ஆனது என்பதையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான். கேட்பவர் மாறினால் பேச்சும் மாறுகிறது. நிரூபணமான பலன் அந்தப் பேச்சுக்கு வெகு பின்னால் வந்துகொண்டிருக்கிறது. இடையில் விழும் பள்ளத்துக்கு முதலில் விலை கொடுப்பவர்கள், படிப்பை முடித்துவிட்டு முதல் வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள்.

தடையில் தொடங்கி ஆணை வரை

தொடக்கத்தில் தலைவர்களிடம் இருந்தது அச்சம். 2023 பிப்ரவரியில் ஜேபி மார்கன் சேஸ் வங்கி, ஊழியர்கள் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பொறியாளர்கள் உள் நிரலை அதில் பதிவேற்றியது தெரியவந்ததும், அந்த ஆண்டு மே மாதம் சாம்சங் அதற்குத் தடை போட்டது. வணிக இரகசியம் வெளியே போய்விடும் என்பதே அப்போதைய முதல் கவலை.

அதே மே மாதத்தில் ஐபிஎம் தலைவர் அரவிந்த் கிருஷ்ணா இன்னொரு குரலில் பேசினார். வாடிக்கையாளரை நேரடியாகச் சந்திக்காத அலுவலகப் பணிகளில் சுமார் 26,000 பேர் இருக்கிறார்கள், அவற்றில் 30 சதவீதத்தை ஐந்தாண்டுகளில் இயந்திரம் செய்துவிடும், அதனால் அப்பணிகளுக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவைப்போம் என்றார். உலகப் பத்திரிகைகள் கணக்குப் போட்டு, 7,800 வேலைகள் போகும் என்று தலைப்பிட்டன. அந்தக் காலத்தில் ஆலோசனை நிறுவனங்களும் வங்கிகளும் பெரும் எண்களை வெளியிட்டன. உலகில் 30 கோடி முழுநேர வேலைகள் தானியங்கிமயத்தின் பாதிப்புக்கு உள்ளாகலாம் என்றது கோல்ட்மன் சாக்ஸ். ஆண்டுக்கு 2.6 முதல் 4.4 இலட்சம் கோடி டாலர் வரை புது மதிப்பு உருவாகலாம் என்றது மெக்கின்சி. இரண்டுமே 'ஆகலாம்' என்ற மதிப்பீடுகள். மேடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டும் நடந்து முடிந்த செய்திபோல ஒலித்தன.

2024 சாதனை அறிவிப்புகளின் ஆண்டு. ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், கடனில் பொருள் வாங்க உதவும் நிதிச் சேவை நிறுவனம். தன் ஏஐ உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 இலட்சம் உரையாடல்களைக் கையாண்டது, வாடிக்கையாளர் உரையாடல்களில் மூன்றில் இரண்டு பங்கை அதுவே முடித்தது, 700 முழுநேர ஊழியர்களின் வேலையைச் செய்கிறது, அந்த ஆண்டு இலாபத்தில் 4 கோடி டாலர் கூடும் என்று பிப்ரவரியில் அறிவித்தது. தலைவர் செபாஸ்டியன் சிமியட்கோவ்ஸ்கி போகுமிடமெல்லாம் இதைப் பேசினார். தங்களுடைய புதிய நிரலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏஐ எழுதுகிறது, பொறியாளர்கள் சரிபார்க்கிறார்கள் என்று அக்டோபரில் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை சொன்னார்.

2025இல் சாதனைக் குரல் ஆணைக் குரலானது. ஏப்ரலில் இணைய வணிகத் தள நிறுவனமான ஷாப்பிஃபையின் தலைவர் டோபி லுட்கே ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஏஐ பயன்படுத்துவது எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படும் அடிப்படைத் தகுதி என்றார். கூடுதல் ஆள் கேட்கும் குழு, அந்த வேலையை ஏஐயால் ஏன் செய்ய முடியாது என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதே மாதத்தில் மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோவின் தலைவர் லூயிஸ் வான் ஆன், இயந்திரம் செய்யக்கூடிய வேலைக்கு ஒப்பந்தப் பணியாளர்களைப் படிப்படியாக நிறுத்துவோம் என்று எழுதினார். ஜூனில் அமேசானின் ஆண்டி ஜாசி, வரும் சில ஆண்டுகளில் அலுவலகப் பணியாளர் எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்ப்பதாகத் தன் ஊழியர்களிடமே சொன்னார். அமெரிக்காவின் வெள்ளைக்காலர் பணியாளர்களில் பாதிப் பேரின் இடத்தை ஏஐ பிடிக்கும் என்றார் ஃபோர்டு நிறுவனத்தின் ஜிம் ஃபார்லி.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. 2025 மே மாதத்தில் கிளார்னா தலைவர், செலவைக் குறைப்பதையே பெரிதாகப் பார்த்ததால் சேவையின் தரம் குறைந்தது என்று ஒப்புக்கொண்டு, மீண்டும் மனிதர்களை வேலைக்கு எடுக்கத் தொடங்கினார். வாடிக்கையாளர்களின் கோபத்தைச் சந்தித்த டுவோலிங்கோ தலைவர், ஊழியர்களுக்குப் பதிலாக ஏஐ வராது என்று விளக்கம் தந்தார். அரவிந்த் கிருஷ்ணாவும் அதே மே மாதத்தில் கணக்கைத் திருத்திச் சொன்னார்: மனிதவளப் பிரிவில் சில நூறு பேரின் வேலையை ஏஐ எடுத்துக்கொண்டது, ஆனால் அதில் மிச்சமான பணம் நிரலாளர்களையும் விற்பனையாளர்களையும் எடுக்கப் போனதால் நிறுவனத்தின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, குரல்வழி ஏஐ வந்துவிட்டது என்று சொல்லி 45 பேரின் வேலையை ஜூலையில் நீக்கியது. வரும் அழைப்புகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன என்று தொழிற்சங்கம் வழக்காடியது. ஆகஸ்டில் வங்கி மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றது.

முதல் அறிவிப்பு உலகெங்கும் தலைப்புச் செய்தியாகிறது. திருத்தம் உள்பக்கத்தில் வருகிறது. அறிவிப்பை மட்டும் படித்தவர் மனத்தில் 7,800 என்ற எண்தான் தங்கியிருக்கும்.

யார் முன்னால் பேசுகிறார்கள்?

முதலீட்டாளர்முன் பேசும்போது தலைவருக்குப் பெரிய பயம், பின்தங்கிவிட்டதாகத் தெரிவதுதான். ஏஐ-யில் குறைவாக முதலீடு செய்வதன் ஆபத்து, அதிகமாக முதலீடு செய்வதன் ஆபத்தைவிட மிகப் பெரியது என்று 2024 ஜூலையில் சுந்தர் பிச்சை பங்குச் சந்தை ஆய்வாளர்களிடம் சொன்னார். இது அவர் ஒருவரின் மனநிலை அல்ல. 2025இல் உலகெங்கும் 2,000 தலைமைச் செயல் அதிகாரிகளிடம் ஐபிஎம் நடத்திய ஆய்வில் 64 சதவீதம் பேர், ஒரு தொழில்நுட்பத்தின் பயன் தெளிவாகப் புரிவதற்கு முன்பே, பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தால் அதில் பணம் போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக விலை கேட்காமல் இயந்திரம் வாங்குவது போன்றது இது.

ஊழியர்முன் பேசும்போது எச்சரிக்கையும் ஆறுதலும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. உங்கள் வேலையை ஏஐ பறிக்காது, ஏஐ தெரிந்த இன்னொருவர் பறிப்பார் என்ற என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங்கின் கருத்து இன்று எல்லாக் கருத்தரங்கிலும் ஒலிக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்ளும் முழுப் பொறுப்பையும் அது தனி ஊழியரின் தலையில் வைத்துவிடுகிறது. பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது யார், அதற்குச் சம்பளம் உண்டா, கற்றவருக்கு வேலை உறுதியா என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. 2025 செப்டம்பரில் ஆக்சென்ச்சர் தலைவர் ஜூலி ஸ்வீட், மறுபயிற்சி அளிக்க வழியில்லாதவர்களை வெளியேற்றி வருவதாக முதலீட்டாளர்களிடம் சொன்னபோது, அந்த ஆறுதலின் மறுபக்கம் வெளிப்பட்டது.

கேட்பவருக்கு ஏற்பப் பேச்சு மாறுவதற்கு அமேசானைவிடத் துல்லியமான சான்று இல்லை. ஏஐயால் ஆட்கள் குறைவார்கள் என்று ஜூனில் ஜாசி ஊழியர்களுக்கு எழுதினார். அக்டோபரில் 14,000 அலுவலகப் பணியிடங்கள் நீக்கப்பட்டன. அதை அறிவித்த மனிதவளத் தலைவரின் கடிதம், இணையத்துக்குப் பிறகு வந்த மிகப் பெரும் மாற்றம் ஏஐ என்று காரணம் பேசியது. சில நாள்களில் காலாண்டு முடிவுகள் வந்தன. இந்த ஆட்குறைப்புக்குப் பணமும் காரணமல்ல, இப்போதைக்கு ஏஐயும் காரணமல்ல, நிறுவனப் பண்பாடுதான் காரணம் என்று ஜாசி ஆய்வாளர்களிடம் சொன்னார். வேலையை இழந்த ஒருவர் இவற்றில் எதை நம்புவது? அவருக்கு உண்மைக் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. எந்தத் திறனை வளர்த்துக்கொண்டு அடுத்த வேலை தேட வேண்டும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

பேசுபவர்களில் விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை வாசகர் மறக்கக் கூடாது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் 9,000 பேர் இருந்த இடத்தில் இப்போது சுமார் 5,000 பேர் போதும் என்று சேல்ஸ்ஃபோர்ஸ் தலைவர் மார்க் பெனியாஃப் 2025இல் சொன்னார். அந்த வேலையைச் செய்யும் ஏஐ முகவர்களைத்தான் அவருடைய நிறுவனம் மற்றவர்களுக்கு விற்கிறது. தொடக்கநிலை அலுவலக வேலைகளில் பாதி ஐந்தாண்டுகளுக்குள் மறையக்கூடும் என்று எச்சரித்த டாரியோ அமோடெய், ஏஐ உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் தலைவர். இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல இதன் பொருள். பொருளின் வலிமையைப் பெரிதாகக் காட்டினால் ஆதாயம் பெறும் இடத்தில் இருப்பவர்கள் இவர்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே கேட்க வேண்டும். இல்லாத ஏஐயை இருப்பதாகச் சொன்னதற்காக 2024 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இரண்டு முதலீட்டு ஆலோசனை நிறுவனங்களிடம் மொத்தம் 4 இலட்சம் டாலர் அபராதம் வசூலித்தது. சட்டம் கவனிக்கும் அளவுக்கு மிகைப்பேச்சு வளர்ந்துவிட்டது.

பிழை நேரும்போது பேச்சு இன்னொரு விதமாக மாறுகிறது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் மென்பொருள், உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. வழக்கு வந்தபோது, அந்த மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதைத் தள்ளுபடி செய்து, நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலிய அரசுக்கு 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் ஏஐ உதவியோடு தயாரித்துக் கொடுத்த அறிக்கையில் இல்லாத நூல்களும் இல்லாத மேற்கோளும் இருந்தது தெரியவந்து, 2025 அக்டோபரில் கட்டணத்தின் ஒரு பகுதியை அது திருப்பித் தர நேர்ந்தது. இலாபம் வந்தால் நம்முடையது, தவறு வந்தால் இயந்திரத்தினுடையது என்ற பேச்சு இனி நிற்காது.

ஆய்வுகள் காட்டும் கணக்கு

ஏஐயால் பயனே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. பொருளியலாளர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் சக ஆய்வாளர்களும் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் உதவிப் பணியாளர்களை ஆராய்ந்தார்கள். ஏஐ உதவியுடன் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட சிக்கல்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களிடமும் திறன் குறைந்தவர்களிடமும் இது 34 சதவீதம். நெடுநாள் அனுபவம் உள்ளவர்களிடம் மாற்றம் மிகக் குறைவு. சிறந்த ஊழியர்கள் பேசும் முறையை மென்பொருள் கற்றுப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்பதே இதற்கு விளக்கம்.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2023இல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடத்திய சோதனை இரண்டு பக்கத்தையும் காட்டியது. ஏஐ-க்குப் பொருந்தும் பணிகளில் அவர்கள் 25 சதவீதம் விரைவாக முடித்தார்கள், தரமும் உயர்ந்தது. பொருந்தாத ஒரு பணியில், ஏஐயைப் பயன்படுத்தியவர்கள் சரியான விடைக்கு வருவது 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. இருவகைப் பணிகளும் பார்வைக்கு ஒரே மாதிரி கடினமானவை. எது பொருந்தும், எது பொருந்தாது என்று முன்கூட்டித் தெரியவில்லை.

தாமே அனுபவித்துச் சொல்வதும் தவறாகலாம். 2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமிக்க 16 நிரலாளர்களிடம் 246 பணிகளைக் கொடுத்தது. ஏஐ பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் வேலை முடிந்த பிறகும், 20 சதவீதம் விரைவாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள். சிறிய ஆய்வுதான், கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இருந்தும் ஊழியர்களின் கருத்தைக் கேட்டு உற்பத்தித்திறன் இவ்வளவு கூடியது என்று அறிவிக்கும் ஒவ்வொரு தலைவரும் இதைப் படிக்க வேண்டும்.

நாடு தழுவிய அளவில் பார்த்தால் பேச்சுக்கும் நடப்புக்கும் உள்ள தொலைவு இன்னும் கூடுகிறது. டென்மார்க்கில் 25,000 தொழிலாளர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், ஏஐயால் சம்பளத்திலோ வேலை நேரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2025இல் எழுதினார்கள். ஐபிஎம் ஆய்விலேயே, எதிர்பார்த்த ஆதாயத்தைத் தந்த ஏஐ திட்டங்கள் 25 சதவீதம்தான். பத்தாண்டில் மொத்த உற்பத்தித்திறன் கூடுவது 0.7 சதவீதத்தைத் தாண்டாது என்பது நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் டாரன் அசெமோக்லுவின் மதிப்பீடு.

எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது, அது கவலை தருவது. அமெரிக்காவின் ஏடிபி நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் தரவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஏஐ அதிகம் நுழைந்துள்ள தொழில்களில் 22 முதல் 25 வயது வரையிலானவர்களின் வேலைவாய்ப்பு, மற்றத் தொழில்களில் உள்ளவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் குறைந்திருக்கிறது. அதே தொழில்களில் மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. ஏஐயால் அதிகம் கற்றுப் பயன்பெறுபவர்கள் புதியவர்கள் என்றது முதல் ஆய்வு. அந்தப் புதியவர்களுக்குத்தான் வாசல் குறுகுகிறது என்கிறது இது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், புதியவர்களை எடுக்காமல் விடுவது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல என்று விளங்கும். அது நிர்வாகத்தின் தேர்வு.

மின்சார உவமையின் விடுபட்ட பகுதி

ஏஐ நெருப்பைவிட, மின்சாரத்தைவிட ஆழமானது என்று சுந்தர் பிச்சை 2018இலேயே சொன்னார். ஜேபி மார்கன் தலைவர் ஜேமி டைமன், 2024இல் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அச்சு இயந்திரத்தையும் நீராவி இயந்திரத்தையும் மின்சாரத்தையும் இணைத்து ஒப்பிட்டார். உவமை பொருத்தமாகவே இருக்கட்டும், அதை முழுமையாகச் சொல்ல வேண்டும்.

எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் மின்சாரத்தால் பாய்ந்து உயர்ந்தது 1920களில். பொருளியல் வரலாற்றாளர் பால் டேவிட் 1990இல் இதற்குக் காரணம் சொன்னார். முதலில் மின்சாரத்துக்கு மாறிய முதலாளிகள் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய மின்மோட்டாரை வைத்தார்கள். பழைய தண்டும் வார்ப்பட்டைகளும் அப்படியே இருந்தன, பலனும் சொற்பமாக இருந்தது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, கட்டடத்தையும் வேலை வரிசையையும் தொழிலாளர் பயிற்சியையும் மாற்றியமைத்த பிறகுதான் பலன் வந்தது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு பிடித்தது.

ஏஐக்கு நாற்பது ஆண்டு ஆகாமல் போகலாம். ஆனால் பாடம் பொருந்தும். வேலை எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து அறிந்தவர்கள் இல்லாமல் வேலையை மாற்றியமைக்க முடியாது. மின்சார உவமையைச் சொல்லிக்கொண்டே, அந்த அறிவு உள்ளவர்களை முதலில் வெளியே அனுப்பும் நிர்வாகம், வரலாற்றைப் பாதி மட்டுமே படித்திருக்கிறது.

நம் ஊருக்கு வரும் பேச்சு

இந்தப் பேச்சு அமெரிக்காவோடு நிற்பதில்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் 2025 கணக்குப்படி சுமார் 58 இலட்சம் பேர் வேலை செய்தார்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை முழுவதும், கோவையிலும் மதுரையிலும் கூட, இலட்சக்கணக்கான குடும்பங்களின் வருமானம் அதில் இருக்கிறது. இத்துறை பெரும்பாலும் ஆள் கணக்கில், மணிக் கணக்கில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பில் போட்டு வளர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் கேம்பஸ் இன்டர்வியூவில் ஃப்ரெஷர்களை மொத்தமாக எடுத்து, பயிற்சி கொடுத்து, அடிமட்டத்தை அகலமாக வைத்திருப்பதே அதன் இலாபத்தின் அடித்தளம். ஏஐயால் வேலை விரைவாக முடிகிறது என்று வாடிக்கையாளர் விலையைக் குறைக்கக் கேட்டால், அடிபடுவது இந்த அடித்தளம்.

எச்சிஎல் டெக் தலைவர் சி. விஜயகுமார் 2025 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் மாநாட்டில் இதை வெளிப்படையாகவே பேசினார். முப்பது ஆண்டுகளாக ஓடிய தொழில்முறை முடிந்துவிட்டது, பாதி ஆட்களை வைத்து இரு மடங்கு வருமானம் ஈட்ட முடியுமா என்று தன் குழுக்களுக்குச் சவால் விட்டிருப்பதாகச் சொன்னார். ஜூலையில் டிசிஎஸ், தன் பணியாளர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஏஐ தரும் உற்பத்தித்திறன் இதற்குக் காரணமல்ல, திறன் பொருத்தமின்மையே காரணம் என்றார் தலைவர் கே. கிருத்திவாசன். பெரும்பாலும் இடைநிலை, மூத்த பதவிகளில் இருந்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் உச்சத்தில் இருக்கும் வயது அது. ஒரு தலைவர் ஏஐ எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்கிறார். இன்னொருவர் ஏஐ காரணமல்ல என்கிறார். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞரும் கல்லூரிக் கட்டணம் கட்டும் பெற்றோரும் எதை வைத்து முடிவெடுப்பார்கள்?

பேச்சை எழுத்தாக்க வேண்டும்

தலைவர்களின் வாக்குறுதியை எழுத்தில் வாங்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் சங்கம் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அதன் முடிவில் வந்த ஒப்பந்தத்தின்படி, ஏஐயைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைத் தயாரிப்பாளர் கட்டாயப்படுத்த முடியாது. ஏஐ உருவாக்கிய பகுதியை எழுத்தாளரிடம் கொடுத்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும். தொழில்நுட்பத்தை அவர்கள் தடை செய்யவில்லை. அதை யார், எந்த நிபந்தனையில் பயன்படுத்துவது என்பதில் தங்களுக்கும் ஒரு குரலை உறுதி செய்துகொண்டார்கள். ஆஸ்திரேலிய வங்கியில் 45 வேலைகள் திரும்பி வந்ததும் தொழிற்சங்கம் கணக்குக் கேட்டதால்தான்.

ஆகவே நிறுவனத் தலைவர்கள் இனி ஏஐ பற்றிப் பேசும்போது சில விவரங்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். எந்த வேலையில், எந்த அளவுகோலால், எத்தனை மாதம் அளந்து அந்தச் சதவீதத்தைச் சொல்கிறார்கள்? தரமும் பிழையும் அதில் அளக்கப்பட்டனவா? மிச்சமான பணத்தில் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் போனது எவ்வளவு? இந்த ஆண்டு எடுத்த புதியவர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு எத்தனை பேர்? ஆட்குறைப்பு அறிவிப்பில் ஏஐ காரணம் என்றால், எந்த மென்பொருள் எந்தப் பணியைச் செய்கிறது என்று சொல்லட்டும். ஓராண்டு கழித்து அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும். ஆண்டறிக்கையில் இவற்றுக்கு ஒரு பக்கம் போதும். அதைக் கட்டாயமாக்க ஒழுங்குமுறை அமைப்புகளால் முடியும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஏஐயைக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு பேட்டியில் ஒருவர் சொன்ன ஆரூடத்தைக் கேட்டு உங்கள் துறையைக் கைவிட்டுவிடாதீர்கள். சொன்னவர் யார், எதை விற்பவர், யாரிடம் சொன்னார், பிறகு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்த மூன்று ஆண்டுக் கதையில் தலைவர்கள் பலர் தங்கள் சொல்லைத் திருத்திக்கொண்டுவிட்டார்கள். வேலைக்கு எடுக்கப்படாமல் போன இளைஞருக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் முடியாது. பேசுவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டிய பொறுப்பு தலைவர்களுடையது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குவது நம் அனைவரின் கடமை.